வெள்ளை முதல் கறுப்பு வரை: தற்காப்புக் கலைகளில் பெல்ட் நிறங்களும் படிநிலைகளும்

டேக்வாண்டோ வகுப்பில் சிவப்பு பெல்ட் கட்டியிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, கறுப்பு பெல்ட்டுக்கு இன்னும் சற்றுக் கீழே இருக்கும் மாணவி. அதே சிவப்பு நிறத்தை ஜூடோவில் ஒருவர் கட்டியிருந்தால், அவர் ஒன்பதாம் அல்லது பத்தாம் டான் என்னும் மிக உயர்ந்த படியைப் பெற்றவர், வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தக் கலைக்கே கொடுத்த முதியவர் என்று பொருள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டியில் ஒருவர் சிவப்பு பெல்ட் கட்டியிருந்தாலோ, அதற்கும் தகுதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. எதிரே நீல பெல்ட்டுடன் நிற்பவரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்ட நடுவர்களுக்கு உதவும் அடையாளம் மட்டுமே அது.

பெல்ட் நிறங்களைப் பற்றிப் புதியவர்களுக்கு ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. எல்லாத் தற்காப்புக் கலைகளுக்கும் பொதுவான ஒரே அளவுகோல் எங்கோ இருப்பதாகவும், நிறம் அதில் ஒருவருடைய இடத்தைக் காட்டுவதாகவும் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஒரு குறிப்பிட்ட பள்ளி அல்லது அமைப்பு, தான் வகுத்த பாடத்திட்டத்தில் ஒருவர் எதுவரை வந்திருக்கிறார் என்பதைத் தானே சோதித்துத் தருகிற அடையாளம்தான் பெல்ட்டின் நிறம். அந்தப் பள்ளிக்குள் அதற்குத் துல்லியமான பொருள் உண்டு. வெளியே வந்ததும் அந்தப் பொருள் மங்கிவிடுகிறது.

ஜப்பானிய மரபில் வந்த கலைகளில் படிநிலை இரண்டு பகுதிகளைக் கொண்டது. கறுப்பு பெல்ட்டுக்குக் கீழே உள்ள படிகள் கியூ எனப்படுகின்றன. கறுப்பு பெல்ட்டிலிருந்து தொடங்கும் படிகள் டான் எனப்படுகின்றன. கியூ எண்கள் இறங்குமுகமாகச் செல்லும். ஒரு கராத்தே பள்ளி பத்தாம் கியூவிலிருந்தோ ஒன்பதாம் கியூவிலிருந்தோ தொடங்கும். மாணவர் முன்னேற முன்னேற எண் குறைந்து, கறுப்பு பெல்ட்டுக்கு ஒரு படி கீழே இருக்கும்போது முதல் கியூவில் நிற்பார். டான் எண்கள் ஏறுமுகமாக, முதல் டான், இரண்டாம் டான் என்று பெரும்பாலும் பத்து வரை போகும். ஆகவே ‘மூன்றாம் கியூ’ என்பவரும் ‘மூன்றாம் டான்’ என்பவரும் ஒரே எண்ணைச் சொன்னாலும், இருவருக்கும் இடையே பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. கொரியாவின் டேக்வாண்டோவிலும் இதே அமைப்புத்தான். அங்கே கீழ்ப் படிகளுக்கு குப் என்று பெயர்.

இந்த முறை தொன்மையானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் இதன் வயது ஒன்றரை நூற்றாண்டைக்கூடத் தொடவில்லை. ஜப்பானின் பழைய வாள்வித்தை, மல்வித்தைப் பள்ளிகளில் நிறமும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆசிரியர் தகுதியானவர் என்று கருதும் மாணவருக்குக் கையால் எழுதிய ஓலைச் சுருள் போன்ற உரிமப் பத்திரம் ஒன்றைத் தருவார். கிரிகாமி, மொகுரோகு, மென்க்யோ என்று அவற்றுக்குப் படிப்படியான பெயர்கள் உண்டு. பள்ளியின் முழு வித்தையும் கைவரப் பெற்றவருக்குக் கிடைப்பது மென்க்யோ கைடென். ஒரு பத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுங்காலம் ஆகலாம். அதுவரை மாணவர் தாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் பயில வேண்டும்.

இதை மாற்றியவர் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ. ஜுஜுட்ஸு எனப்படும் பழைய மல்வித்தையின் பள்ளிகள் இரண்டில் பயின்ற அவர், 1882-இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய்கள் மட்டுமே விரிக்கக்கூடிய ஒரு சிறிய இடத்தில், ஒன்பது மாணவர்களுடன் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். கானோ தொழில்முறையில் ஒரு கல்வியாளர். பின்னாளில் தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானவர். வகுப்பு, தேர்வு, தேர்ச்சி என்று நடக்கும் நவீனப் பள்ளிக்கூடத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால், மல்வித்தைப் பயிற்சிக்கும் குறுகிய, தெளிவான படிகள் இருந்தால் மாணவர் ஊக்கம் குன்றாமல் தொடர்வார் என்று அவர் கண்டார். இந்தக் கலையின் வரலாற்றில் இது மிகவும் கனிவான முடிவுகளில் ஒன்று என்பது என் எண்ணம். எல்லோருக்கும் கற்பிக்க விரும்பிய ஆசிரியருக்குத்தான் இப்படியொன்று தோன்றும்.

டான் என்ற படிமுறையையும் கானோ புதிதாகப் படைக்கவில்லை. கருங்கல், வெண்கல் வைத்து ஆடும் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொனின்போ தோசாகு என்ற பெரும் ஆட்டக்காரர் ஒன்பது டான்களைக் கொண்ட தரவரிசையை ஏற்படுத்தியிருந்தார். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே எவ்வளவு திறமை வேறுபாடு இருக்கிறது என்பதை அளந்து, வலுக்குறைந்தவருக்கு எத்தனை கல் சலுகை தரலாம் என்று முடிவு செய்வதற்கு அது பயன்பட்டது. அந்தப் பலகை ஆட்டத்தின் முறையைக் கானோ பயிற்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்து, 1883-இல் தம் மாணவர்களான சாய்கோ ஷிரோ, தோமிதா ட்ஸுனேஜிரோ இருவருக்கும் முதல் டான் வழங்கினார். தற்காப்புக் கலையில் டான் பெற்ற முதல் இருவர் இவர்கள்தாம்.

அப்போதும் அவர்கள் இடுப்பில் கறுப்பு பெல்ட் இல்லை. டான் பெற்றவர்கள் கறுப்பு நிறம் கட்டும் வழக்கம் 1886 அளவில்தான் தொடங்கியது. அன்று அவர்கள் கட்டியதும் ஜப்பானிய உடையோடு வழக்கமாக அணியும் அகலமான இடைக்கச்சைதான். இன்று நாம் காணும் தடித்த வெள்ளைப் பயிற்சி உடையும், அதற்கேற்ற குறுகிய பெல்ட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவம் பெற்றவை.

ஆகவே, பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதையைப் புதியவர்கள் நம்ப வேண்டியதில்லை. பழங்காலத்தில் எல்லோரும் வெள்ளை பெல்ட்டுடன் தொடங்கினார்கள், பெல்ட்டைத் துவைக்கும் வழக்கம் இல்லாததால் வியர்வையும் மண்ணும் ஏறி முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துப்போனது என்பது அந்தக் கதை. கேட்க அழகாக இருந்தாலும் வரலாறு அப்படி இல்லை. கறுப்பு, ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்துச் சாயமேற்றிய நிறம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான வண்ணங்கள் அதற்கும் வெகுகாலம் கழித்து, பெருமளவு ஐரோப்பாவில் சேர்க்கப்பட்டவை. உண்மையில் நீண்ட பயிற்சி பெல்ட்டுக்குச் செய்வது இதற்கு நேர்மாறானது. நல்ல பெல்ட்டின் உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி அடுக்குகள் இருக்கும். மேலே கறுப்புத் துணி சுற்றி, நீளவாக்கில் வரிசை வரிசையாகத் தையல் ஓடும். ஒவ்வொரு நாளும் முடிச்சுப் போடும் இடத்தில் மேல்துணி தேய்ந்து, நூல் பிரிந்து, உள்ளிருக்கும் வெண்மை வெளியே தெரியத் தொடங்கும்.

இடைநிற வண்ணங்கள் வந்த காரணமும் கல்வி சார்ந்ததே. ஜப்பானில் பல ஜூடோ கூடங்களில் வயது வந்த மாணவர் வெள்ளை, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு என்ற மூன்றோடு நிறைவடைவார். நாள்தோறும் பயிலும் அங்கத்திய மாணவருக்கு அது போதும். வாரத்துக்கு ஓரிரு நாள் மட்டுமே வரும் ஐரோப்பிய மாணவருக்கு, கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் ஏதும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வெள்ளை பெல்ட்டிலேயே நிற்பது கடினமாக இருந்தது. 1918-இல் தொடங்கப்பட்ட லண்டன் புடோக்வாய் கழகத்தில் 1920-களிலேயே வண்ண பெல்ட்டுகள் பயன்பாட்டில் இருந்தன. 1930-களில் பாரிஸில் கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுகே, ஒவ்வொரு நிறத்துக்கும் இன்னின்ன உத்திகள் என்று பாடத்தை வரிசைப்படுத்தி அதை ஒரு முழுமையான கற்பித்தல் முறையாகவே பரப்பினார். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று இன்று உலகெங்கும் பழகிப்போன வரிசை அங்கிருந்து வளர்ந்தது.

கராத்தேயின் பிறப்பிடமான ஒகினாவாவில் பெல்ட்டும் கிடையாது, டானும் கிடையாது. ஆசிரியர் வீட்டு முற்றத்தில், அன்றாட உடையிலேயே ஒரு சில மாணவர் பயின்ற கலை அது. 1922-இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோ வந்த ஃபுனகோஷி கிச்சின், கானோவின் அழைப்பின்பேரில் கோடோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். தலைநகரில் இந்தப் புதிய கலையை நிலைநாட்ட வேண்டுமானால், அங்குள்ளவர்களுக்குப் பழகிய வடிவம் அதற்கு வேண்டும் என்று உணர்ந்த அவர், ஜூடோவின் வெள்ளை உடையையும் டான் முறையையும் எடுத்துக்கொண்டு, 1924-இல் முதன்முறையாகக் கராத்தே மாணவர்களுக்கு டான் வழங்கினார். அவர்களில் ஒருவரான ஓட்சுகா ஹிரோனோரி பின்னாளில் வாடோ ரியூ என்ற தனிப் பள்ளியைத் தோற்றுவித்தார். டான் வழங்கிய ஃபுனகோஷிக்கு யாரும் டான் வழங்கியிருக்கவில்லை, கானோவும் அப்படியே. ஒரு படிநிலையின் தொடக்கத்தில் எப்போதும் அந்தப் படிநிலைக்கு வெளியே நிற்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார்.

சரி, அடுத்த நிறத்துக்குப் போக ஒரு மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும்? ஃபுனகோஷியின் வழிவந்த ஷோட்டோகான் கராத்தேயில் நடக்கும் தொடக்கநிலை பெல்ட் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்கு மூன்று பகுதிகள். முதலாவது கிஹோன் என்னும் அடிப்படை அசைவுகள்: முன்னேறிக் குத்துதல், பின்வாங்கித் தடுத்தல், முன் உதை ஆகியவற்றை மாணவர்கள் வரிசையாக நின்று கட்டளைக்கு ஏற்பச் செய்வார்கள். இரண்டாவது கட்டா, எதிரே ஆள் இல்லாமல், வகுக்கப்பட்ட வரிசையில் செய்யும் அசைவுத் தொடர். முதலில் கேட்கப்படும் ஹெய்யான் ஷோடான் கட்டாவில் 21 அசைவுகள் உண்டு. மூன்றாவது குமித்தே, தொடக்க நிலையில் இது தாராளமான மோதலாக இருக்காது, ஒருவர் சொல்லிவிட்டு ஐந்து முறை முன்னேறித் தாக்க, மற்றவர் ஐந்து முறையும் பின்வாங்கித் தடுத்து இறுதியில் ஒரு எதிர்த்தாக்குதல் தருவார்.

வேகமாகவும் பலமாகவும் குத்துவதைத்தான் தேர்வாளர் பார்க்கிறார் என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். அவருடைய கண் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். குத்தும் கணத்தில் பின்காலின் குதிகால் தரையைவிட்டு எழுகிறதா, முன்முழங்கால் உள்நோக்கிச் சரிகிறதா, நடையின்போது தலை மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். அடுத்து, குத்தாத கையைப் பார்ப்பார்: ஒரு கை முன்னே போகும்போது மற்றக் கை இடுப்பை நோக்கி அதே விசையோடு பின்னிழுக்கப்பட வேண்டும். இடுப்பு திரும்பிய பிறகு கை போகிறதா, கை தனியாகப் போகிறதா என்பது அடுத்த கேள்வி. கட்டாவில் திரும்பும்போது முதலில் பார்வை திரும்பி, பிறகு உடல் திரும்ப வேண்டும். பழுப்பு பெல்ட் நிலையில் இவை அனைத்தும் இயல்பாகிவிட்டிருக்க வேண்டும் என்பதால், அங்கே நேர அளவு, தூர அளவு, எதிராளியைப் படிக்கும் திறன் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிறமும் ஆசிரியருக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்த மாணவருக்கு இதுவரை கற்பித்தாயிற்று, இனி இதைக் கற்பிக்கலாம். பெரிய வகுப்பில் நாற்பது பேர் நிற்கும்போது யாரை யாரோடு இணைத்துப் பயிற்சி தருவது, யாருக்கு எந்த உத்தி இன்னும் ஆபத்தானது என்பதை ஆசிரியர் ஒரே பார்வையில் அறிய இது உதவுகிறது. பெல்ட்டின் முதன்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கறுப்பு பெல்ட்டைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ‘பிளாக் பெல்ட்’ என்றதும் கலையின் உச்சியைத் தொட்டுவிட்டவர் என்றே பொதுவாக நினைக்கிறோம். பயிற்சிக் கூடத்துக்குள் முதல் டான் பெற்றவரை யாரும் அப்படி நினைப்பதில்லை. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லலாம். ஓட்டுவதில் வல்லவர் என்று சொல்ல இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. முதல் டானும் அப்படித்தான். அடிப்படை கைவந்துவிட்டது, இனி கலையை உள்ளபடி கற்கத் தொடங்கலாம் என்பதற்கான ஒப்புதல் அது.

அதற்கு மேலே செல்லச் செல்லக் காலம்தான் முக்கியமான அளவுகோல். 1972-இல் சியோலில் நிறுவப்பட்ட குக்கிவோன், டேக்வாண்டோவின் டான் சான்றிதழ்களை வழங்கும் தலைமையகம். அதன் விதியில் முதல் டானிலிருந்து இரண்டாவதற்குக் குறைந்தது ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டு ஆண்டுகள், மூன்றிலிருந்து நான்குக்கு மூன்று ஆண்டுகள் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பதினைந்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களுக்கு அங்கே டான் தருவதில்லை. பூம் என்ற தனிப்படி தந்து, பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பெல்ட் கட்டச் செய்கிறார்கள். சிறுவரின் உழைப்பை மதித்துக்கொண்டே, பெரியவரின் தகுதியோடு அதைக் கலக்காமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டைப் பிற கலைகளும் பின்பற்றலாம்.

படிநிலை கடுமையாக இருக்க நிறம் தேவையே இல்லை என்பதற்குச் சான்று கெண்டோ. மூங்கில் வாளும் கவசமும் கொண்டு ஆடும் அந்தக் கலையில், முதல் டான் மாணவரும் எட்டாம் டான் ஆசானும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இடுப்பில் தகுதியைக் காட்டும் பட்டை எதுவும் கிடையாது. ஆனால் எட்டாம் டான் தேர்வு எழுதவே ஏழாம் டான் பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும், வயதும் 46-ஐ எட்டியிருக்க வேண்டும். ஜப்பானில் அந்தத் தேர்வுக்கு வரும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரே தேறுகிறார்.

ஜூடோவில் முதல் ஐந்து டான்களுக்கும் கறுப்பு பெல்ட். ஆறு முதல் எட்டு வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பெல்ட். ஒன்பதுக்கும் பத்துக்கும் முழுச் சிவப்பு. கோடோகான் தன் வரலாற்றில் பத்தாம் டான் வழங்கியது பதினைந்து பேருக்கு மட்டுமே. இந்த உயர்படிகள் போட்டி வெற்றிக்காகத் தரப்படுபவை அல்ல; கற்பித்தல், ஆய்வு, கலைக்கு ஆற்றிய தொண்டு ஆகியவற்றுக்கான மதிப்பு. மதிப்பை வழங்குவது ஓர் அமைப்பு என்பதால், அந்த அமைப்பின் பார்வைக் குறைபாடும் அதில் கலந்துவிடும் என்பதைக் கெய்கோ ஃபுகுடாவின் வாழ்க்கை காட்டுகிறது. கானோவின் முதல் ஜுஜுட்ஸு ஆசிரியரான ஃபுகுடா ஹச்சினோசுகேயின் பேத்தி அவர்; 1913-இல் பிறந்து, கானோவிடமே நேரடியாகப் பயின்றவர். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்று கோடோகானில் வரம்பு இருந்ததால், அவருடைய ஆற்றல் எவ்வளவு வளர்ந்தும் நெடுங்காலம் ஐந்தாம் டானிலேயே நிறுத்தப்பட்டார். 1972-இல்தான் ஆறாம் டான் கிடைத்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பல்லாண்டுகள் கற்பித்த அவருக்கு, 2006-இல், 92 வயதில், கோடோகான் ஒன்பதாம் டான் வழங்கியது. 2011-இல் பத்தாம் டான் வழங்கியது அமெரிக்க ஜூடோ அமைப்பு. 2013-இல் மறையும்வரை அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. அவருடைய திறமை எந்த ஆண்டிலும் ஐந்தாம் டானில் உறைந்து நிற்கவில்லை. உறைந்து நின்றது விதிதான்.

கோடோகானிலிருந்து சென்ற மயேதா மிட்சுயோ 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர் கற்பித்ததிலிருந்து வளர்ந்ததே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. அங்கே வயது வந்தோருக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று ஐந்தே நிறங்கள். படிகள் குறைவு, காலம் அதிகம். கறுப்பை எட்டப் பெரும்பாலும் பத்தாண்டு அளவுக்கு ஆகிறது. பல கூடங்களில் தனித் தேர்வு என்று ஒன்று நடப்பதே இல்லை. நாள்தோறும் எளிதில் விட்டுக்கொடுக்காத ஆட்களோடு கட்டிப்புரண்டு பயிலும்போது ஆசிரியர் கவனித்துக்கொண்டே இருந்து, ஒருநாள் வகுப்பு முடிவில் புதிய பெல்ட்டைக் கட்டிவிடுவார். இடையில் பெல்ட்டின் நுனியில் வெள்ளை நாடா ஒட்டி, ஒரே நிறத்துக்குள் நான்கு சிறு படிகளைக் காட்டுவதுண்டு.

பெல்ட் முறை அறவே இல்லாத கலைகளும் ஏராளம். குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் எடைப்பிரிவும் வெற்றி தோல்விகளும் மட்டுமே ஒருவரின் நிலையைச் சொல்கின்றன. ஜப்பானின் சுமோவில், பதினைந்து நாள் நடக்கும் ஒவ்வொரு பெருந்தொடருக்குப் பிறகும் தரவரிசைப் பட்டியல் புதிதாக எழுதப்படும். பாதிக்கு மேல் தோற்றவர் பொதுவாகக் கீழே இறங்குவார். ஜூடோவில் பெற்ற டான் அப்படி இறங்குவதில்லை. கேரளத்தின் களரிப்பயிற்றில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்ற பாட வரிசையே படிநிலை: உடலைப் பக்குவப்படுத்தாமல் கையில் கோல் கிடைக்காது, கோல் பழகாமல் வாள் கிடைக்காது. நம் சிலம்பத்திலும் மரபான முறையில் நிறம் கிடையாது. காலடி அமையாத மாணவருக்கு ஆசான் அடுத்த வீச்சைக் கற்றுத்தருவதில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்களில் குழந்தைகளைக் கராத்தே அல்லது டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு இவ்வளவும் நடைமுறையில் உதவும். கட்டணம் கட்டிய எல்லோரும் ஒவ்வொரு பெல்ட் டெஸ்ட்டிலும் தவறாமல் தேறுகிறார்கள் என்றால், ஓரிரு ஆண்டில் சிறுவர்களுக்குக் கறுப்பு பெல்ட் கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதி தரப்படுகிறது என்றால், அங்கே நிறம் பாடத்திட்டத்தோடு தொடர்பை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். சேரும்போதே சில விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: மாஸ்டர் யாரிடம் பயின்றார், எந்த அமைப்பின் சான்றிதழ் வழங்கப்படும், ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய பாடம் எழுத்தில் இருக்கிறதா, ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குக் குறைந்தபட்சப் பயிற்சிக் காலம் எவ்வளவு, தேர்வில் தேறாதவர் எப்போது மீண்டும் எழுதலாம், தேர்வுக் கட்டணமும் சான்றிதழ்க் கட்டணமும் தனித்தனியா. நல்ல ஆசிரியர் யாரும் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

வேறு ஊருக்கு மாறிப் புதிய வகுப்பில் சேரும்போது, அதே அமைப்பைச் சேர்ந்த கூடமாக இருந்தால் பழைய சான்றிதழும் தேர்வுப் பதிவும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும். குக்கிவோன் போன்ற மைய அமைப்பின் டான் சான்றிதழுக்குப் பதிவு எண் உண்டு என்பதால், அதை எந்த நாட்டிலும் சரிபார்க்கலாம். பள்ளி வேறாக இருந்தால் நிலைமை மாறும். ஷோட்டோகானில் ஹெய்யான் ஷோடான் என்று கற்ற கட்டா, ஷிட்டோ ரியூ கூடத்தில் பினான் நிடான் என்ற பெயரில், வேறு நிற்கும் முறையோடு கற்பிக்கப்படுகிறது. பழகிய கால்களை மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். சில ஆசிரியர்கள் பழைய நிறத்தையே கட்டிக்கொள்ளச் சொல்லிச் சில மாதம் கவனித்துவிட்டு முடிவு செய்வார்கள். வேறு சிலர் வெள்ளையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஒரு கலையிலிருந்து முற்றிலும் வேறொரு கலைக்கு, கராத்தேயிலிருந்து ஜூடோவுக்குப் போவதாக இருந்தால், முன்பு எத்தனை டான் பெற்றிருந்தாலும் வெள்ளை பெல்ட்தான் கட்ட வேண்டும். முதல் வகுப்பில் கற்றுத்தரப்படுவதும் எல்லாப் புதியவர்களுக்கும் உரிய அதே பாடம், அடிபடாமல் கீழே விழுவது எப்படி என்பது.